மூன்றாவது பிளேடு

சிம்ப்சன்ஸ் என்ற அமெரிக்க டிவி கார்ட்டூன் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பும் சொந்தபந்தங்களே, ஒரே ஒரு வேண்டுகோள். ட்ரம்ப் எஸ்கலேட்டரில் இறங்குவதை 2000-லேயே வரைந்துவிட்டார்கள் என்று சுற்றும் அந்தப் படத்தை மட்டும் இனிமேல் அனுப்பாதீர்கள். ட்ரம்ப் தன் கட்டடத்தில் எஸ்கலேட்டரில் இறங்கிவந்து தேர்தலில் நிற்பதாக அறிவித்தது 2015 ஜூன் 16. அதைக் கேலி செய்து சிம்ப்சன்ஸ் குழு ஒரு குறும்படம் விட்டது அடுத்த மாதம். நடந்ததைப் பார்த்து வரைந்த படத்துக்கு 2000 என்று தேதி போட்டு, திகில் இசையும் சேர்த்துவிட்டார்கள். கார்ட்டூனில் செய்தி வாசிப்பவர் பக்கத்தில் 'கொரோனா வைரஸ்' என்று தெரியும் படமும் அப்படித்தான். எழுத்து, பிற்பாடு ஒட்டியது.

இந்தப் போலிகளைவிட நிஜம் சுவாரசியம். 2000 மார்ச்சில் வந்த ஒரு எபிசோடில் சிம்ப்சன் குடும்பத்துக் குட்டிப் பெண் லிசா வளர்ந்து அமெரிக்க அதிபராகிறாள். அதிபர் ட்ரம்ப் விட்டுப்போன பட்ஜெட் நெருக்கடி நம் தலையில் விழுந்திருக்கிறது என்று போகிற போக்கில் சொல்கிறாள். அவ்வளவுதான், ஒரு வரி. எழுதிய டான் க்ரேனி 2016-ல் அதை விளக்கினார்: லிசாவால் சரிசெய்யவே முடியாத அளவுக்கு நாடு சீரழிந்திருக்க வேண்டும், அதனால்தான் அவளுக்கு முன்னால் ட்ரம்பை உட்காரவைத்தோம் என்றார். ட்ரம்ப் 1980களிலேயே அதிபர் ஆசையை டிவி பேட்டியில் கோடிகாட்டியவர். அந்த எபிசோடு வருவதற்கு முந்தின மாதம்தான் ரிஃபார்ம் என்ற சிறிய கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகியிருந்தார். தினமும் பேப்பர் படிக்கிற ஒருவர் எழுதிய ஜோக் இது. இதில் ஞானதிருஷ்டி எங்கே வந்தது?

பலிக்காமல் போன கணிப்புகளை யாரும் அனுப்புவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1989-லிருந்து எழுநூற்றைம்பது எபிசோடுகளுக்கு மேல் ஓடியாயிற்று. 1995-ல் வந்த ஒன்றில் கதை 2010-க்குப் போகிறது. அதில் முகம் பார்த்துப் பேசும் போன் இருக்கிறது, 'பார்த்தாயா, அப்போதே வீடியோ கால்' என்று அதை வெட்டி அனுப்புகிறார்கள். அதே எபிசோடில் மூன்றாம் உலகப்போரும் நடந்து முடிந்துவிட்டது. அந்தத் துண்டு மட்டும் என் போனுக்கு இதுவரை வரவில்லை.

சரி, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் எல்லாமும் என்று ஒதுக்கிவிடலாமா என்றால், அதற்கும் மனசு வரவில்லை. காரணம் ஒரு ஷேவிங் ரேசர்.

1975 அக்டோபர் 11-ம் தேதி சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியின் முதல் ஒளிபரப்பு. நடுவில் ஒரு போலி விளம்பரம். ஜில்லெட் இரட்டை பிளேடு ரேசரைக் கொண்டுவந்து நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. இவர்கள் மூன்று பிளேடு ரேசர் ஒன்றைக் காட்டினார்கள். முதல் பிளேடு என்ன செய்யும், இரண்டாவது என்ன செய்யும் என்று படம் போட்டு விளக்கிவிட்டு, கடைசியில் 'நீங்கள் எதைச் சொன்னாலும் நம்புவீர்கள்' என்று முடித்தார்கள். மூன்று பிளேடு என்பதே அன்றைக்குச் சிரிப்பு. 1998-ல் நிஜமாகவே மூன்று பிளேடுடன் ஜில்லெட் மாக் த்ரீ வந்தது. நாமும் வாங்கினோம். 2003-ல் ஷிக் கம்பெனி நான்கு பிளேடு போட்டது. 2004-ல் ஆனியன் என்ற நையாண்டிப் பத்திரிகை (இது டிவி இல்லை, இருந்தாலும் விட மனசில்லை) ஜில்லெட் முதலாளியே கோபத்தில் 'போங்கடா, நாங்கள் ஐந்து போடுகிறோம்' என்று கத்துவதுபோல் எழுதியது. 2006-ல் ஐந்து பிளேடு ரேசர் கடைக்கு வந்துவிட்டது.

இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 'இதை இன்னும் கொஞ்சம் இழுத்தால் எங்கே போய் நிற்கும்?' என்ற கேள்வியைத்தான் ஜோக் எழுதுகிறவரும் கேட்கிறார், கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆளும் கேட்கிறார். முன்னவர் ஒரு மத்தியானத்தில் எழுதி முடித்துவிடுவார். பின்னவருக்கு ஃபேக்டரி, பேடன்ட், போர்டு மீட்டிங் எல்லாம் இருப்பதால் வருஷக்கணக்கில் தாமதம்.

அரசியலிலும் இதே கூத்துதான். வீப் என்ற அமெரிக்க அரசியல் நகைச்சுவைத் தொடரில் ஒரு தேர்தல் முழக்கம் தேவைப்பட்டது. எந்த அர்த்தமும் இல்லாத ஒன்றாக யோசித்து, 'மாற்றத்துடன் கூடிய தொடர்ச்சி' என்று வைத்தார்கள். 2016 மார்ச்சில் ஆஸ்திரேலியப் பிரதமர் மால்கம் டர்ன்புல் டிவி பேட்டியில் 'தொடர்ச்சியும் மாற்றமும்' என்றார். சிரிக்கவே இல்லை. அவர் தொடரைப் பார்த்துத் திருடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். யாரையும் பகைத்துக்கொள்ளாத முழக்கம் வேண்டும் என்று எந்த அறையில் நாலு பேர் உட்கார்ந்தாலும் இங்கேதான் வந்து சேர்வார்கள்.

உக்ரைன் கதையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2015-ல் தொடங்கிய 'மக்களின் சேவகன்' தொடரில் நகைச்சுவை நடிகர் செலன்ஸ்கி பள்ளிக்கூட வரலாற்று வாத்தியாராக வந்து அதிபரானார். 2018-ல் அதே பெயரில் கட்சி பதிவானது. 2019 ஏப்ரலில் சுமார் 73 சதவீத வாக்கு வாங்கி நிஜமாகவே அதிபரானார். நாடே உட்கார்ந்து பார்த்த ஒரு தொடர் அவரை வேட்பாளராக்கியது. சினிமா நாற்காலியிலிருந்து கோட்டைக்குப் போனவர்களைக் கண்ட நமக்கு இதைக் கணிப்பு என்று சொல்ல வாய் வரக்கூடாது.

அந்தத் தொடரில் எனக்குப் பிடித்த காட்சி வேறு. ஜெர்மனியின் அன்றைய தலைவர் மெர்க்கெல் போன் செய்து, உங்களை ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்த்துக்கொண்டோம் என்கிறார். வாத்தியார் அதிபருக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் தெரிகிறது, மெர்க்கெல் கூப்பிட நினைத்தது மாண்டினீக்ரோ என்ற குட்டி ஐரோப்பிய நாட்டை. 2022 ஜூனில் நிஜ உக்ரைனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாடு என்ற தகுதி கிடைத்தது. அதே வரிசையில் மாண்டினீக்ரோ 2010-லேயே நிற்க ஆரம்பித்துவிட்டது.