வளைகாப்புப் பட்டியல்ல விட்டுப்போன ஒண்ணு

ஏழாம் மாசம் வளைகாப்புன்னா எத்தனை டஜன் வளையல், என்னென்ன சோறு கிண்டணும், வேன் எத்தனை மணிக்குன்னு எல்லாத்துக்கும் பட்டியல் போடுதோம். பிள்ளை பிறந்தா ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எந்திரிக்கன்னு மட்டும் யாரும் பேசுறதில்ல.

நம்ம திருநெல்வேலிப் பக்கத்து வழக்கத்தைக் குறை சொல்லல. தலைப்பிரசவம் தாய் வீட்டுல. வேது தண்ணி ஊத்த அம்மா, பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க ஆச்சி. பெத்தவ உடம்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஓட்டை எங்கன்னா, பிள்ளைக்கு அப்பா சென்னையில. வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி வாரான், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிருதான். மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ அவ பிள்ளையோட வீடு திரும்பும்போது அவளுக்கு எல்லாம் அத்துப்படி, இவனுக்குப் பிள்ளையைத் தூக்கவே கை நடுங்கும். முக்கால்வாசி சண்டை அங்கதான் ஆரம்பம்.

அதனால அவ தாய் வீடு போறதுக்கு முந்தி ரெண்டு பேர் மட்டும் ஒரு சாயங்காலம் உக்காந்து பேசுங்க. முதல்ல தூக்கம். பிறந்த பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்கணும். பெத்தவ மொத்தமா எத்தனை மணி நேரம் தூங்கினான்னு பார்த்தா ஏமாந்துருவீங்க. துண்டு துண்டாத் தூங்குறதுதான் மனசை ஒடிக்கும். பால் ஊறி நிலைப்பட்டதும், பீய்ச்சி பிரிட்ஜில வச்ச தாய்ப்பாலை வெந்நீர்க் கிண்ணத்துக்குள்ள இறக்கி, குளிர் விட்டதும் பாலாடையில (பால் புகட்டுற மூக்கு வச்ச சின்னக் கிண்ணம்) ஒரு வேளை வேற ஆள் கொடுத்தா, அவ நாலு மணி நேரம் ஒரே மூச்சாத் தூங்கலாம். பிள்ளையை மல்லாக்கப் போட்டு ஊத்தப்படாது, புரையேறிரும். தலையைத் தாங்கி, பாதி உக்கார்ந்த வாக்குல, பாலாடை மூக்கை உதட்டோரம் வச்சு, ஒரு வாய் முழுங்கின பிறகு அடுத்தது. அப்பாமாருக்கு இதைப் பிரசவத்துக்கு முந்தியே ஒரு நர்ஸ் காட்டிக் கொடுத்துரணும்.

அடுத்தது ஊர் வாய். "பால் காணுதா? பிள்ளை மெலிஞ்சிருக்கே"ன்னு பார்க்க வாரவுக கேக்கத்தான் செய்வாக. பிறந்த எடையில பத்துல ஒரு பங்கு வரை முதல் சில நாள்ல குறையும், ரெண்டு வாரத்துல திரும்பிரும். அஞ்சாம் நாளுக்கு மேல ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரத் துணி மாத்துனா பால் போதுதுன்னு அர்த்தம். இந்தப் பதிலை அவ சொன்னா திமிருன்னு ஆகும். அவன் சித்திக்கு அவன்தான் சொல்லணும்.

மூணாம் நாள், நாலாம் நாள் பெத்தவளுக்குக் காரணமில்லாம அழுகை வரும். ரெண்டு வாரத்துல அடங்கிரும். அடங்கலன்னா, பிள்ளை தூங்கியும் இவளுக்குக் கண் மூடலன்னா, சோறு இறங்கலன்னா, அது மனச்சோர்வா இருக்கலாம். அது நோய், அழுத்தக்காரின்னு பட்டம் கட்டாதீங்க. பாலூட்டும்போதே சாப்பிடக்கூடிய மாத்திரையும் இருக்கு. இந்தச் சோர்வு இருக்கான்னு பார்க்க எடின்பரோ கேள்வித்தாள்னு பத்தே கேள்வி, கடைசி ஏழு நாளைப் பத்தி. ஆறாம் வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது கேக்கச் சொல்லுங்க. மாமியார் பக்கத்துல நின்னா மட்டும் கேக்காதீங்க, "நல்லாருக்கேன்"தான் வரும். சாகணும்னு சொன்னாலோ, யாரோ பேசுற சத்தம் கேக்குன்னாலோ, பிள்ளையையே சந்தேகமாப் பார்த்தாலோ அன்னைக்கே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. தனியா விடாதீங்க. மந்திரிக்கக் கூட்டிட்டு அலைஞ்சு நாளைக் கடத்தாதீங்க. போன்ல பேச அரசாங்க மனநல உதவி எண் 14416, காசு கிடையாது.

சனி, ஞாயிறு வார அப்பா பிள்ளையைக் கொஞ்சிட்டு மட்டும் போனா காணாது. ஒரு மணி நேரம் தனியா வச்சுப் பார்க்கணும், பீத்துணி அலசணும். மாமியார் வீட்டுல விட மாட்டாக, "நீங்க உக்காருங்க மாப்ள"ன்னு காப்பி வந்துரும். மாமியார்கிட்டயும் முந்தியே பேசி வைங்க.