அக்னி தீர்த்தத்தை நம்பி அரிச்சல்முனையில் இறங்காதீர்கள்

ராமேஸ்வரம் வருகிறவர்கள் முதலில் இறங்குவது அக்னி தீர்த்தத்தில். பெரும்பாலான நாளில் குளம் மாதிரி கிடக்கும் கடல். வயதானவர்கள்கூட இடுப்பளவு நீரில் நின்று முழுக்குப் போடுகிறார்கள். சாமி கும்பிட்டு முடித்ததும் அதே தைரியத்தில் வேன் ஏறி தனுஷ்கோடி போய், அரிச்சல்முனையிலும் இறங்கப் பார்க்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான்.

இங்கே இருப்பது இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, ஆழம் குறைவு. பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். ஆனி, ஆடிக் காற்றில் தெற்கு கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை அடித்தால் வடக்கே உள்ள அந்தச் சாதுக் கடலும் குணம் மாறிவிடும். இரண்டும் சேரும் அரிச்சல்முனையில் மணல் திட்டு ஒரு இடத்தில் நிற்காது, இழுப்பும் அதிகம். நீச்சல் தெரியும் என்பதெல்லாம் அங்கே செல்லாது. பாருங்கள், போட்டோ எடுங்கள், கிளம்புங்கள்.

குளித்தே ஆகவேண்டுமா? அரியமான் கடற்கரைக்குப் போங்கள். சவுக்கு நிழல் உண்டு, பிள்ளைகளுக்கும் தோது. அங்கேயும் வாடைக் காலத்தில் யோசித்துத்தான். வெயில் ஏறுமுன் இறங்குவது நல்லது. புடவை, ஜீன்ஸ் வேண்டாம்; நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும். குடித்தவரைக் கரையிலேயே உட்கார வையுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து மல்லுக்கட்டாதீர்கள். மிதந்தபடி கையைத் தூக்கிச் சத்தம் போடுங்கள். தெம்பிருந்தால் கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைத் தாண்டிய பிறகு திரும்புங்கள். கரையில் நிற்பவர் பதறிக் குதிக்க வேண்டாம். வேனில் இருக்கும் காலி தண்ணீர் கேனை இறுக்கி மூடி எறிந்தால், பிடித்து மிதக்க அது போதும்.

அப்புறம் திருக்கை மீன். மணலுக்குள் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போகும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள், வலி குறையும். ஆஸ்பத்திரிக்கும் போயாக வேண்டும். சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். தோலில் ஒட்டிய இழை இன்னும் விஷத்தை இறக்கும். கடல் தண்ணீரால் கழுவுங்கள். மூச்சு வாங்கினால் உடனே 108.

எச்சரிக்கைப் பலகைகளை யாரும் நின்று படிப்பதில்லை. அமாவாசைக்கும் விடுமுறைக்கும் மீனவக் கிராமத்து இளைஞர்கள் நாலு பேரைச் சம்பளம் கொடுத்து, விசிலும் மிதவையும் கையில் கொடுத்து நிறுத்தலாம். நீரோட்டம் இன்றைக்கு எந்தப் பக்கம் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.