காப்புக் கட்ட ஒரு கைப்பிடி போதும், கொப்பை ஏன்யா ஒடிக்கிறீங்க?

மார்கழி முடியப் போகுதுன்னாலே எனக்கு அடிவயிறு எரிய ஆரம்பிச்சிருது. அழகர்கோயில் ரோட்டுப் பக்கம் எங்க தோட்டம். வேலியோரத்துல மாமரம் நிக்குது. போகிக்கு முதல் நாள் சாயங்காலம் ஆச்சுன்னா போதும், போற வர்றவனெல்லாம் வண்டியை ஓரங்கட்டி, வேலிக்கு மேல கையை விட்டு, கொப்பை வளைச்சுச் சடக்குன்னு ஒடிச்சுக்கிட்டுப் போறான். ஒரு வார்த்தை கேட்டா என்ன குறைஞ்சா போயிரும்? பொங்கலுக்கு மாவிலை கேட்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக் கூடாதுன்னு எங்க அப்பத்தா சொல்லும். கேட்டா நானே ஏறிப் பறிச்சுத் தருவேன். எங்க பக்கத்துல யாரும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க.

தட்டிக் கேட்டா ஒரு தம்பி சொல்றாரு, "ஒரு கொப்பு ஒடிச்சதுக்கு இம்புட்டுப் பேசுறீங்களேண்ணே, பச்சை மரம்தானே, திரும்பத் தழைச்சிரும்."

தழைக்கும்யா. காய்க்குமா? மாமரம் பூவெடுக்கிற நேரமே தை, மாசிதான். பூ வர்றது கொப்போட நுனியில. நுனி போச்சுன்னா அந்தக் கொப்புல இந்த வருசத்துப் பூ போச்சு, காய் போச்சு. போன வருசம் ஒருத்தன் நல்ல இலையா பார்த்து உருவிக்கிட்டு மிச்சக் கொப்பை ரோட்டுலயே வீசிட்டுப் போயிட்டான். எடுத்துப் பார்த்தேன். நுனியில விரல் நீளத்துக்குப் பூங்கொத்து வெளிய வந்து, மொட்டு மொட்டா இளஞ்சிவப்பா நிக்குது. ஒடிஞ்ச வாயில பால் வடிஞ்சு இன்னும் காயக்கூட இல்ல. வயிறு பத்தி எரியுமா எரியாதா?

இத்தனைக்கும் தோரணத்துக்கு நுனிக்கொழுந்து ஆகவே ஆகாது. மத்தியானத்துக்குள்ள துவண்டு தொங்கிரும். வேண்டியது கரும்பச்சையா முத்துன இலை. அது நுனியில இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும். காம்போட ஒண்ணு ஒண்ணா கிள்ளி, காம்பை மடிச்சு வாழைநார்ல கோர்த்தா நாலு நாளைக்கு விறைப்பா நிக்கும், காஞ்சாலும் உதிராது. மரத்துக்கும் ஒண்ணும் ஆகாது. ஒடிக்கிற நேரத்துல கிள்ளிறலாம். வண்டியை விட்டு இறங்கணும், அவ்வளவுதான். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு என் மரம் பலி.

மாமரத்துக்காவது கேட்க நான் இருக்கேன். கண்ணுப்பிள்ளைச் செடிக்கு யாரு இருக்கா? சிறுபீளை, கூரைப்பூன்னு ஊருக்கு ஒரு பேரு. வரப்புல, தரிசுல, கண்மாய்க் கரையில தன்னால முளைக்கிறது. யாரும் விதைக்கல, தண்ணி ஊத்தல. போகிக்குக் கட்டுற காப்புக்கு வேண்டியது அதுல ரெண்டு கொத்து. ரெண்டு ஆவாரம்பூ, ரெண்டு வேப்பங்கொத்து சேர்த்து முடிச்சுப் போட்டு வாசல்ல, தொழுவத்துல, கிணத்து மோட்டார்ல செருகினா வேலை முடிஞ்சது. ஆனா குட்டியானை வண்டியைக் கொண்டு வந்து நிறுத்திட்டு, செடியைப் பிடிச்சு மண்ணோட வேரோட பிடுங்கி அள்ளிப் போட்டுக்கிட்டுப் போறாங்க. அந்த வெள்ளைக் கதிருக்குள்ளதான்யா விதை இருக்கு! வேரும் போச்சு, விதையும் போச்சுன்னா அடுத்த வருசம் அந்த வரப்புல எது முளைக்கும்? ஏற்கெனவே பாதிக் கண்மாய்க் கரையைச் சீமைக்கருவேலம் பிடிச்சிருச்சு, மிச்சத்துல குப்பையைக் கொட்டுறாங்க. இருக்கிற நாலு செடியையும் இப்படி வழிச்சு எடுத்தா?

கடைவீதி ஓரம் கட்டு வெச்சு விக்கிற அம்மாக்களை நான் சொல்லல. அவங்க பொழப்பு அது. மொத்தமா பிடுங்கிட்டு வந்து இறக்குறவங்களைச் சொல்றேன். போகி ராத்திரி விலை போகாததை அப்படியே ரோட்டுல தள்ளிட்டுப் போயிருவாங்க. ஊரே பொங்கல் வைக்கிற நேரத்துல துப்புரவுப் பணியாளர்கள் குனிஞ்சு அதை வாரிக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கும் பொங்கல் இருக்கு, வீட்டுல பிள்ளைக இருக்கு.

உடனே ஒருத்தர் வருவாரு, பிளாஸ்டிக் மாவிலை வாங்கி மாட்டினா பிரச்சினையே இல்லன்னு. மாவிலை காஞ்சா உரக்குழிக்குப் போகும். அந்தப் பிளாஸ்டிக் வெளுத்துப் போய் எங்க போகும்? அதே கண்மாய்க்குத்தானே?

2022ல எங்க மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியை தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. அந்த மலைப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம்னு மேலூர்ப் பக்கத்து ஜனமே மதுரைக்குத் திரண்டு வந்து நின்னுச்சு, 2025 ஜனவரியில சுரங்க ஏலம் ரத்தாச்சு. மலைக்காக அப்படி நின்ன மண்ணுல ஒரு செடியை அறுத்து எடுக்கப் பொறுமை இல்லையா?

வியாபாரி அண்ணன்மாரே, அருவாளைக் கொண்டு போங்க. தூரை விட்டுட்டு மேலாப்புல அறுங்க, ஒரு இடத்துல நாலு செடி நின்னா ரெண்டைத் தொடாம விடுங்க. வாங்குறவங்களும் கட்டைத் திருப்பிப் பாருங்க. வேரும் மண்ணுமா இருந்தா வேண்டாம்னு சொல்லுங்க. அறுத்த கட்டு கிடைக்கலைன்னா இந்த வருசம் வேப்பிலையும் ஆவாரம்பூவும் வெச்சே காப்புக் கட்டுங்க.