சக்கைக்குரு பொறுக்கினா கேவலமா?

அந்தப் பால்காய்ச்சு வீட்டு வீடியோவை நான் இங்க மறுபடி போடப்போறதில்ல. ரெண்டு நாளா நம்ம ஊர் குரூப் எல்லாத்துலயும் அதுதான் ஓடுது. பந்தி முடிஞ்சு, பிரதமன் பாயசத்துக்குச் சக்கை (பலாப்பழம்) அறுத்தவங்க வாழைமூட்டுல கொட்டிட்டுப் போன குருவை (கொட்டையை) ஒரு அக்கா குனிஞ்சு பொறுக்கி கவர்ல போடுறாங்க. பின்னாடி நின்னு அதைப் படம் பிடிச்சு, கோமாளி மியூசிக் ஒண்ணைச் சேத்து, "நம்ம ஊர் பிசினாறி"ன்னு தலைப்பு வேற. சிரிச்சவங்கள்ல பாதிப் பேர் எனக்குத் தெரிஞ்சவங்க. அதுதான் உறுத்துது.

மிச்சம் பிடிக்கிறது வேற, பிசினாறித்தனம் வேற. பிசினாறி அடுத்தவனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க மாட்டான். மிச்சம் பிடிக்கிறவங்க குப்பைக்குப் போறதை எடுத்துக் கறி ஆக்குவாங்க. அது ஒரு கைவேலை. எதை எப்போ எப்படிச் செய்யணும்னு தெரியாம இறங்கினா கைக்காசுதான் போகும்.

அந்தக் குருவையே எடுத்துக்கோங்க. நல்ல சக்கை ஒண்ணுல நூறு குருவுக்குக் குறையாது. சக்கைக் காலத்துல எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். ஆடிச் சாரல்ல நாகர்கோவில் வடசேரி சந்தையில காய்கறி விலை ஏறும்போதுதான் அதோட அருமை தெரியும். ஆனா ஆடி வரைக்கும் அது கெடாம இருக்கணுமே! வைக்கப்போற குருவைக் கழுவக் கூடாது. மேல உள்ள வழுவழுப்பைத் துணியால துடைச்சு, செம்மண்ல புரட்டி, நிழல்ல ரெண்டு மூணு நாள் காயவிடணும். அந்த வெள்ளைத்தோல் சலசலன்னு ஆகும். அப்புறம் மண்பானையில ஒரு விரல் உயரம் காஞ்ச மணல், மேல ஒரு வரிசை குரு, மறுபடி மணல். இப்படி அடுக்கி வச்சா ரெண்டு மூணு மாசம் தாங்கும். கழுவிட்டு பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சாலோ, உள்ளே வேர்த்து நாலே நாள்ல பூசணம் பிடிக்கும், இல்லன்னா முளை விட்டுரும். எடுத்துச் சமைக்கும்போது வெள்ளைத்தோலை மட்டும் உரிச்சா போதும், உள்ள இருக்கிற தவிட்டுத்தோலைச் சுரண்டிக்கிட்டு இருக்க வேண்டாம். மாங்காயும் முருங்கைக்காயும் சேத்துத் தேங்காய் அரைச்சு ஊத்தினா ஒரு நேரத்துக் கறி ஆச்சு. வாயுன்னு பயந்தா நாலு பல் பூண்டு கூடப் போடுங்க.

இது பிசினாறித்தனமா? இவ்வளவு விவரம் தெரிஞ்ச பிசினாறியை நான் பாத்ததில்ல.

"இதுல என்னத்த பெருசா மிச்சம்?"னு ஒருத்தர் கேட்டிருந்தார். தேங்காய் எண்ணெய் விலையைக் கடையில கேட்டுட்டு வந்து அப்புறம் கேளுங்க சார். நல்லா முத்தின தேங்காய் 10 இருந்தா கொப்பரை ஒண்ணரைக் கிலோ பக்கம் தேறும், செக்குல ஆட்டினா ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய். உடைச்சு ரெண்டு நாள் வெயில்ல வச்சா பருப்பு சிரட்டையை விட்டு விலகும். தோண்டி எடுத்து இன்னும் நாலஞ்சு நாள் காயணும். ஒடிச்சா டப்புன்னு ஒடியணும், வளைஞ்சா ஈரம் இருக்கு. அந்த ஈரத்தோட ஆட்டினா ஒரு மாசத்துல எண்ணெய் காறிப்போகும். நாலு மணிக்கு உள்ள எடுத்து வைக்க மறந்து பனி பட்டாலும் இதே கதைதான். செக்குல பிண்ணாக்கைக் கேட்டு வாங்கணும், கேக்கலன்னா அது அங்கேயே நின்னுரும். ரெண்டு நாள் தெளியவிட்டு மேலாப்புல ஊத்தி எடுத்தா, அடியில நிக்கிற கசடு சட்டி தேய்க்க.

"யாருக்கு இதுக்கெல்லாம் நேரம்?" காயப்போடுறது வெயிலு, நீங்களா காயிறீங்க?

மீனும் அப்படித்தான். நம்ம குமரி மாவட்டத்துக்குக் கிழக்கு, மேற்குன்னு ரெண்டு கடல், ரெண்டு மீன்பிடித் தடைக்காலம். கிழக்கே சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, மேற்கே குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1-ல இருந்து ஜூலை 31 வரை. ஜூன் முதல் ரெண்டு வாரம் ரெண்டு பக்கமும் விசைப்படகு கரையில நிக்கும். அந்நேரம் போய் விலையைக் கேட்டுட்டு அரசாங்கத்தைத் திட்டுறதுக்குப் பதிலா, பங்குனியில மீன் மலிஞ்சு கிடக்கும்போதே கருவாடு போடலாம். 4 கிலோ மீனுக்கு 1 கிலோ கல்லுப்பு. குடல் எடுத்துக் கழுவி, மண்சட்டியில மீனும் உப்புமா அடுக்கி ஒரு ராத்திரி. காலையில ஊறின தண்ணியை வடிச்சுட்டு, மணல்ல போடாம, உயரமா கட்டின வலையில மூணு நாலு நாள் காயணும். உப்புல கஞ்சத்தனம் பண்ணினா புழு வைக்கும். (கஞ்சத்தனம் எங்க கூடாதுன்னும் எங்களுக்குத் தெரியும் தம்பி.) சாளையில (மத்தி மீன்ல) நெய் கூடுதல், சீக்கிரம் காறும், அதனால முதல்ல அதைத் தின்னு தீக்கணும். நாள்பட வைக்க நெத்தோலிதான் நல்லது.

தென்னம்பாளைக் கொதும்பும் சிரட்டையும் அடுப்புல எரிச்சா புகைன்னு ஒரு டாக்டர் தம்பி எழுதியிருந்தார். சரிதான், ஒத்துக்கிறேன். வீட்டுக்குள்ள எரிக்க வேண்டாம். வெளியில குளிக்க வெந்நீர் போட மட்டும். சோறு வடிக்கிறதுக்கு கேஸ்தான், ஆனா சம்பா அரிசியை முக்கால் மணிநேரம் கொதிக்கவிடுறது யார் சொன்ன சட்டம்? ஒரு மணிநேரம் ஊறவச்சு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் நல்லா கொதிச்சதும் தெர்மல் குக்கர்ல (சூட்டைப் பிடிச்சு வைக்கிற பாத்திரம்) இறக்கி மூடி, ஒண்ணரை மணிநேரம் திறக்காம இருந்தா பூ மாதிரி வெந்திருக்கும். பானை முக்காலுக்கு மேல நிறைஞ்சிருக்கணும். அரைப்பானை வச்சா சூடு நிக்காது, நடுவுல அரிசி நறுக்குன்னு கடிபடும். ஒருதடவை அப்படி ஆனதும் "இது சரிப்படாது"ன்னு பரண்ல தூக்கிப் போட்ட வீடுகள்தான் அதிகம்.

2023-ல நம்ம மட்டிப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்போ ஸ்டேட்டஸ் வச்சவங்கதானே நாம எல்லாரும்? அதே வாழையோட பூக்கூம்பை ஒடிச்சு ஒரு பொம்பளை துவரன் வச்சா மட்டும் சிரிப்பு வருதோ. நாளைக்கு எவனாவது வெளியூர்க்காரன் இதே குருவைப் பொடிச்சு, பொட்டலம் போட்டு, "சத்துமாவு"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்தா, முதல்ல ஆர்டர் போடுறது இந்தச் சிரிச்ச கூட்டம்தான்.

எங்க அம்மையும் விசேஷ வீட்டுல இருந்து குரு பொறுக்கிட்டு வந்தவங்கதான். அப்போ யார் கையிலயும் போன் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம். இதுக்கு மேல அதைப் பத்தி எழுத எனக்கு ஆகல.

"சும்மா தமாஷுக்குப் போட்டது, இதைப் போய் பெருசாக்குறீங்க"ன்னு இன்பாக்ஸ்ல வந்த தம்பிக்கு: அந்த அக்காகிட்ட கேட்டுட்டா போட்ட? முகம் தெளிவா தெரியுது. அவங்க பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாமா?

வீடியோவுல அந்தக் குருவெல்லாம் ஈரமாத்தான் இருந்துது, பிளாஸ்டிக் கவர்லதான் போட்டாங்க. வீட்டுக்குப் போன கையோட கவரைக் கவுத்து துணியில பரப்பியிருப்பாங்க. அவங்களுக்கு நான் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.