மொய் விருந்து நன்கொடை இல்லை

'தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம் பக்கம் ஆடியில் நடக்கும் மொய் விருந்து, நொடித்துப்போனவருக்கு ஊரே கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கொடுக்கும் நன்கொடை, திருப்பித் தர வேண்டாம்' என்று சிலர் எழுதுகிறார்கள். பாதி சரி. கைதூக்கி விடுவதற்காக வந்த வழக்கம்தான். ஆனால் திருப்பித் தராமல் அங்கே ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

யார் எவ்வளவு போட்டார்கள் என்பது மொய் நோட்டில் ஏறிவிடும். எனக்கு நீங்கள் 1,000 ரூபாய் போட்டிருந்தால், உங்கள் விருந்தில் நான் அந்த 1,000-த்தோடு கூட 500 சேர்த்துப் போடுவேன். அந்த 500 இனி நீங்கள் எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது. வட்டி கிடையாது, பத்திரமும் கிடையாது. ஏறக்குறைய சீட்டு மாதிரி. அதனால்தான் ஒருவரே வருடாவருடம் விருந்து வைப்பதில்லை, சில வருடம் இடைவெளி விடுவார்கள். பந்தல், ஆட்டுக்கறிச் செலவு கட்டுப்படியாக, பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு.

இன்னொன்று, இதில் வசதியானவர்களும் வைக்கிறார்கள். வந்த பணத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள், நிலம் வாங்குவார்கள், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பிறகு பலரால் பழைய மொய்யைத் திருப்பிச் செய்ய முடியாமல் போனது. நன்கொடையாக இருந்தால் அந்தத் திண்டாட்டமே வந்திருக்காதே.