மரவாழ வேற, அரத்தை வேற

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் எனக்கே அனுப்புவீங்கன்னு தெரியலை. தென்மலைப் பக்கம் பலா மரத்துல இருந்த மரவாழையை, அதாவது மரத்துல ஒட்டி வளர்ற ஆர்க்கிட் செடியை, வேரோட உரிச்சு, "இதுதான் ராஸ்னா, மூட்டுவலிக்கு இலையைக் கொதிக்கவெச்சுக் குடிங்க"ன்னு சொல்றாரே, அதேதான். ரெண்டு வரி மறுத்து எழுதினேன். "மருந்துக் கம்பெனி கைக்கூலி"ன்னு பட்டம் கிடைச்சுது. சந்தோஷம்.

ராஸ்னாங்கிறது ஆயுர்வேதத்துல ஒரு மருந்துச் சரக்கோட பேர், ஒரே செடியோட பேர் இல்லை. வங்காளத்துல வாண்டா டெஸ்ஸலேட்டாவோட வேர்; அது ஆர்க்கிட்தான். அரசாங்க ஆயுர்வேத மருந்து நூல்ல புளூச்சியா லேன்சியோலேட்டா இலை. அது ஆர்க்கிட்டே இல்லை. கேரளத்துல அரத்தைக் கிழங்கு. குளிச்சுட்டு உச்சந்தலையில தேய்க்கிற ராஸ்னாதிப் பொடியில இருக்கிறதும் அரத்தைதான். பச்சமருந்துக் கடையில கேட்டாலே தருவாங்க, மரம் ஏற வேண்டாம்.

அவர் கையில இருந்தது வங்காளத்து வாண்டாகூட இல்லை. வாண்டா இலை நடுவுல வாய்க்கால் மாதிரி மடிஞ்சிருக்கும், பூவிதழ்ல கட்டம் கட்டமா கோலம் இருக்கும். வீடியோவுல தடிச்ச, வார் மாதிரி நீண்ட இலை, நுனி கோணலா வெட்டுப்பட்ட மாதிரி, சின்ன மஞ்சப் பூவுல செம்பழுப்பு வரி. அது அகாம்பேங்கிற வேற ஆர்க்கிட். எந்தச் செடி, எந்தப் பாகம், எதுல கரைச்சது? மூணையும் சொல்லாம மருந்துன்னு சொல்லாதீங்க.

"ஆராய்ச்சியே இருக்கு அண்ணாச்சி"ன்னு வருவீங்க. இருக்கு. நிழல்ல உலர்த்திப் பொடிச்சு, மெத்தனால்ல ஊறவெச்சு, வடிகட்டிச் சுண்டவெச்ச சாறு அது. ஆர்க்கிட்டுகளோட முக்கியச் சரக்கான ஃபினாந்த்ரீன், பைபென்சில் வகைகள் பெரும்பாலும் தண்ணியில சரியாக் கரையாது. கஷாயம் வைக்கிற மாதிரி 1 பங்கு மருந்துக்கு 16 பங்கு தண்ணி விட்டு, எட்டுல ஒண்ணா வத்தவெச்சாலும் அதுல வர்றது அதிகமும் கொழகொழப்பும் துவர்ப்பும்தான். ஆய்வகத் தட்டுல வளர்த்த செல்லுக்கு மெத்தனால் சாறு ஊத்திப் பார்த்த முடிவை உங்க அம்மாவோட முழங்காலுக்குக் கொண்டுவராதீங்க.

"சீனாக்காரன் சாப்பிடுறானே?" சாப்பிடுறான், டென்ட்ரோபியம் நோபிலேங்கிற இன்னொரு ஆர்க்கிட்டோட தண்டை. அதுல டென்ட்ரோபின்னு ஒரு ஆல்கலாய்டு, அதாவது செடியில இருக்கிற வீரியமான வேதிப்பொருள், இருக்கு, 1932-லயே பிரிச்சாங்க. அதே குடும்பம்னா அதே மருந்தா? உருளைக்கிழங்கும் ஊமத்தையும்கூட ஒரே குடும்பம்தான். ஊமத்தங்காய்ல பொரியல் வைங்களேன்.

"பாட்டன் பூட்டன் சொன்னது"ங்கிறதுதான் ரொம்ப வலிக்குது. 1678-லேர்ந்து 1693 வரைக்கும் 12 பாகமா வந்த, மலபார்ச் செடிகளைப் பத்தின ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலுக்குக் கேரளத்து இட்டி அச்சுதன் வைத்தியர் சொல்லிக் கொடுத்தாரே, அவரும் பாட்டன்தானே? அந்த நூல்லயே மரவாழை ஒண்ணில்லை. ஆஞ்ஞிலி மரவாழன்னு ஒண்ணு, வேற வேற பேர்ல மத்ததுன்னு தனித்தனியாப் பிரிச்சிருக்கு. பிரிச்சுப் பார்த்தவங்க பேரைச் சொல்லி எல்லாத்தையும் ஒரே சட்டியில போடுறது நீங்க.

இன்னொண்ணு. நம்ம பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுகள்ல சாரலுக்கு முன்னாடி இலையுதிர் நோய்க்குத் தாமிர மருந்து அடிப்பாங்க. மரவாழை வேரைச் சுத்தியிருக்கிற வெள்ளைப் பஞ்சுத் தோல் மேல விழுற ஈரத்தை உறிஞ்சத்தான் இருக்கு. அதுல விழுந்தது மழையா மருந்தான்னு அந்த வேர் பார்க்காது. கொதிக்கவெச்சாத் தாமிரமும் போகாது.

பிடுங்கினவங்க தயவுசெஞ்சு குப்பையில போடாதீங்க. சொரசொரப்பான பட்டையுள்ள மரத்துல, வேர் பட்டையைத் தொடுற மாதிரி வெச்சு, தேங்காய்நார்க் கயித்தால தளர்வாக் கட்டுங்க. மண்ணும் சாணமும் வேண்டாம், வேர் அழுகிடும். நனைச்சதும் வேர் பச்சையா மாறினா உயிர் இருக்கு.

வீடியோவுல தரையில கிடந்தது 11 கொத்து. நிறுத்தி நிறுத்தி எண்ணினேன்.