மேட்டூர் மீனும் 'ஃப்ரெஷ்'ஷும்

'ஃப்ரெஷ்வாட்டர் ஃபிஷ்'னு போர்டு இருந்தா அன்னைக்குப் பிடிச்ச மீன்னு அர்த்தம்னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். இல்லைங்கண்ணா. அங்க ஃப்ரெஷ்னா உப்பில்லாத தண்ணி, நம்ம நன்னீர். மேட்டூர் டேம் கட்லா ஐஸ்ல நாலு நாள் கிடந்தாலும் ஃப்ரெஷ்வாட்டர் மீன்தான். விடிகாலையில பிடிச்ச வஞ்சிரம் கடல் மீன்ங்கறதால அந்தக் கணக்குல வராது. புதுசான்னு பார்க்கணும்னா செவுளைத் தூக்கிப் பாருங்க. ரத்தச் சிவப்பா இருந்தா வாங்கலாம், பழுப்புன்னா நகர்ந்துடுங்க.

'ஃப்ரெஷ்'ங்கற சொல்லே அப்படித்தான், இடத்துக்கு இடம் அர்த்தம் மாறும். ஏற்காட்டுல 'ஃப்ரெஷ் ஏர்'னா சுத்தமான காத்து. வானிலைக்காரங்க 'ஃப்ரெஷ் பிரீஸ்'னு சொன்னா காத்தோட வேகத்தைச் சொல்ற போஃபோர்ட் அளவுல 5, மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர்; சின்ன மரமே ஆடும். அமெரிக்காவுல யாராவது உங்களை 'ஃப்ரெஷ்'னா, வாய்த்துடுக்குன்னு திட்டுறதாவும் இருக்கலாம். பாராட்டுன்னு நினைச்சு தேங்க்ஸ் சொல்லிடாதீங்க.